தறிச் சத்தத்தில் கேட்ட பாட்டு, ஹெட்போனில் கேட்ட பாட்டு

போன மே மாதம் அப்பாவை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனோம். சேர்வராயன் கோயிலை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வயது 87. குகைக்குள் குனிந்து போக முடியுமா என்று அக்கா பயந்தாள். போவதானால் எல்லோருமாகப் போவோம் என்று தம்பி ஒரு வேன் பேசினான். காலை ஆறரைக்குச் சேலம் அம்மாப்பேட்டையில் கிளம்பினோம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வந்ததும் அப்பா ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "வாராய் நீ வாராய் பாட்டு இந்தக் கம்பெனிப் படத்தில்தான் வந்தது" என்றார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி மகளின் செல்பேசி வேனின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. அதுவரை அவளுடைய பாட்டுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. "தாத்தா, அதைப் போடட்டுமா?" என்று கேட்டவள், அவர் பதில் சொல்வதற்குள் போட்டுவிட்டாள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் வேனுக்குள் வந்துவிட்டார்கள். 1950-இல் வந்த மந்திரி குமாரி. அப்போது அப்பாவுக்கு 12 வயது. மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிட நினைப்பவன் பாடும் பாட்டு அது. அந்த வஞ்சகத்தின் சாயல் துளியும் தெரியாதபடி ஜி. ராமநாதன் அத்தனை இனிமையாக மெட்டுப் போட்டிருக்கிறார். மலை அடிவாரத்தில் அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

பாட்டு முடிந்ததும், "இதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடம். அதோடு சரி. அதற்கு மேல் தமிழில் பாட்டு எங்கே?" என்றார் அப்பா. தம்பி திரும்பி உட்கார்ந்தான். தமிழ்ச் சினிமாப் பாட்டுக்கு எது பொற்காலம் என்று முதல் கொண்டை ஊசி வளைவில் தொடங்கிய விவாதம் இருபதாவது வளைவு வரை ஓயவில்லை. அறுபதுகள் என்றார் அப்பா. தொண்ணூறுகள் என்றான் தம்பி. 2012-க்குப் பிறகுதான் என்றாள் அவன் மகள். நான் 1976 முதல் 1986 வரை என்றேன். அக்கா மட்டும், "சுசீலா பாடிய வருடமெல்லாம் நல்ல வருடம்தான்" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சு உரித்தாள். அதை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று வேனில் சரியாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் கட்சிக்கு ஆதாரம் என் வேலை. 1983-இல் பிளஸ் டூ முடித்த கையோடு, பழைய பஸ் நிலையத்தை ஒட்டி முதல் அக்ரஹாரத்துப் பக்கம் இருந்த ஒரு ரெக்கார்டிங் கடையில் சேர்ந்தேன். வாடிக்கையாளர் ஒரு காகிதத்தில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார். காலி கேசட்டை அவரே கொண்டுவருவார், அல்லது எங்களிடம் வாங்குவார். நாங்கள் இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுப்போம். அது சட்டப்படி சரியான தொழில் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்று சேலத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் பாட்டு போய்ச் சேர்ந்தது அந்த வழியில்தான்.

அந்த வேலையில் குறுக்கு வழி கிடையாது. நான்கரை நிமிடப் பாட்டைப் பதிய நான்கரை நிமிடம் ஆகும். தட்டில் முள்ளை வைத்து, கேசட் டெக்கில் ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மீட்டரில் ஊசி சிவப்புக்குப் போகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். தட்டில் கீறல் இருந்து முள் தாவினால் மறுபடி முதலிலிருந்து. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாதபடி மனக்கணக்குப் போட வேண்டும். தொண்ணூறு நிமிடக் கேசட் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லுவோம். நாடா மெலிது, வீட்டு டேப் ரெக்கார்டரில் சிக்கிக்கொள்ளும். பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்த கேசட்டோடு அழாத குறையாகத் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

கடைக்காரர் என் கையெழுத்துக்காகவே என்னை வைத்திருந்தார். பாட்டுப் பட்டியலை அட்டையில் எழுதுவதும் என் வேலை. ஒரே பாட்டை ஒரு வாரத்தில் பத்துப் பதினைந்து முறை பதிந்திருக்கிறேன். நானாக விரும்பிக் கேட்டவை இல்லை, கூலிக்காகக் கேட்டவை. அப்படிக் கேட்கும்போது ஒரு பாட்டு உண்மையில் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும். நல்ல மெட்டு என்று எல்லோரும் கொண்டாடிய பாட்டுகளில் பல, பத்தாவது முறையில் வற்றிவிட்டன. குரலின் குழைவும் தாளத்தின் துள்ளலும் ஆறாவது ஏழாவது முறையோடு தீர்ந்துவிடும். அதற்கு மேல் கேட்பதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

இளையராஜாவின் பாட்டுகளில் அது இருந்தது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் அந்த இசை, பாடகர் மூச்சு வாங்குவதற்காக விட்ட இடைவெளி இல்லை. அங்கே இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருக்கும். 1982-இல் வந்த பயணங்கள் முடிவதில்லை படத்தின் 'இளைய நிலா' பாட்டைப் பதியும்போது முதலில் எல்லோரையும்போலச் சந்திரசேகரின் கிடாரைக் கேட்டேன். சில வாரம் கழித்துப் புல்லாங்குழலைக் கேட்டேன். பிறகு ஒரு நாள், அது மழை நாள், கடையில் யாரும் இல்லை, பேஸ் கிடாரை மட்டும் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போனேன். அது தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருந்தது. எஸ்.பி.பி. பாடுவதற்கு அது பதில் சொல்கிறது. அத்தனை முறை கேட்டும் அதுவரை என் காதில் அது விழவே இல்லை. உடம்பெல்லாம் கூசியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டையும் அடியிலிருந்து மேலே கேட்கப் பழகிக்கொண்டேன்.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக ஸ்வரம் எழுதிக் கொடுத்து, பாடகரையும் வாத்தியக்காரர்களையும் ஒரே நேரத்தில் வைத்துப் பதிவு செய்த காலம் அது. ஒருவர் பிசகினால் எல்லோரும் மறுபடி தொடங்க வேண்டும். அந்தக் கவனம் நாடாவில் இருக்கிறது. 1978-இல் வந்த ப்ரியா படத்தின் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை. எங்கள் கடை ஹெட்போனில் இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று என்று வாத்தியங்கள் பிரிந்து நின்றதைக் கேட்டபோது, வயலின்காரர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள் என்று நானே ஒரு ஸ்டூடியோவை மனத்தில் கட்டிக்கொண்டேன். நான் இதுவரை எந்த ஸ்டூடியோவுக்குள்ளும் போனதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1981-இல் வந்த அலைகள் ஓய்வதில்லை இசைத்தட்டில் ஜானகி பாடிய 'புத்தம் புது காலை' இருக்கும், படத்தில் இருக்காது. வேறொரு படத்துக்காகப் போட்ட பாட்டு, அந்தப் படம் வராமல் போனதால் இந்தத் தட்டில் சேர்ந்துகொண்டது. அதற்குக் காட்சி கிடையாது, கதாநாயகி கிடையாது, திரையில் எந்த இடமும் கிடையாது. ஆனாலும் ஓமலூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் வந்தவர்கள் அதை எழுதிக்கொண்டு வந்தார்கள். காதால் மட்டுமே பிழைத்த பாட்டு. ஒரு பத்தாண்டு எவ்வளவு செழிப்பாக இருந்தது என்பதற்கு, அதில் மிச்சம் விழுந்தவற்றைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எட்டாவது வளைவுக்கும் பதினொன்றாவது வளைவுக்கும் நடுவே, வேன் ஆட ஆடச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ சொல்கிற அந்த நடு இசை என் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லையே" என்றார்.

அதில் குத்தல் இல்லை. அவர் உண்மையைச் சொன்னார்.

எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள் இருந்தன. ஒன்றில் அப்பா, ஒன்றில் சித்தப்பா. வெண்பட்டு வேட்டி நெய்தார்கள். அம்மா திண்ணையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றுவாள். சுவரில் பலகை அடித்து ஒரு வால்வு ரேடியோ வைத்திருந்தார்கள். காலையில் தறியில் இறங்கும்போது போட்டால் சாப்பாட்டுக்கு ஏறும்போதுதான் நிறுத்துவார்கள். 1952-இல் மத்திய அமைச்சராக வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார் என்பதும், அதனால் நாடே இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது என்பதும், 1957-இல் விவித் பாரதி தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்பதும் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்பாவுக்கு அது படிப்பு இல்லை, வாழ்க்கை. முள்ளைத் திருப்பித் திருப்பி இலங்கையைப் பிடிப்பதை அவர் இன்றும் விரலால் காற்றில் செய்து காட்டுவார்.

தறி ஓடும்போது என்ன கேட்கும்? மிதி இறங்கும் சத்தம், ஊடைநூலை இழுத்துக்கொண்டு தறி நாடா ஓடும் சத்தம், அச்சு வந்து அடிக்கும் சத்தம். இரண்டு தறி என்றால் இரட்டிப்பு. அதற்கு மேலே எழுந்து வர ஒரே ஒரு பொருளால்தான் முடியும்: மனிதக் குரல். அதிலும் சொல்லைச் சொல்லாக உச்சரிக்கும் குரல். டி.எம்.எஸ். சொல்லை உடைத்துக் காதில் வைப்பார். சுசீலாவின் ஓர் எழுத்துகூட நசுங்காது. சீர்காழியின் குரல் அடுத்த தெரு வரை போகும். பி.பி. ஸ்ரீநிவாஸ் மெல்லப் பாடினால் மட்டும் சித்தப்பா தறியை நிறுத்திவிடுவார் என்று அப்பா சொன்னார். 1962-இல் வந்த சுமைதாங்கியின் 'மயக்கமா கலக்கமா' பாட்டுக்கு இரண்டு தறியும் நின்றுவிடுமாம். ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்த வாலியைச் சென்னையிலேயே இருக்கவைத்த பாட்டு அது என்பார்கள். அம்மாப்பேட்டையில் அது தினம் நான்கு நிமிடம் நெசவை நிறுத்தியிருக்கிறது.

1961 என்ற ஒரே வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாசமலர், பாவ மன்னிப்பு, பாலும் பழமும். மூன்றுக்கும் இயக்கம் பீம்சிங், மூன்றுக்கும் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ஒரே வருடத்தில் இத்தனை கொட்டிய வேறொரு வருடத்தைக் காட்டு என்று அப்பா கேட்டபோது நான் 1981-ஐக் காட்டினேன். காட்டினேனே தவிர, மனத்துக்குள் தயங்கினேன். கண்ணதாசனின் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நெசவாளி தன் வாழ்க்கையை யோசிக்க முடிந்தது. சித்தப்பாவுக்குக் கல்யாணப் பேச்சு முறிந்தபோது அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு பாட்டின் இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே ஒரு பாவு முழுக்க நெய்து முடித்தாராம். என் காலத்துப் பாட்டில் அப்படிப் பிடித்துக்கொள்ள வரிகள் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பதிந்த கையால் எழுதுகிறேன், பல பாட்டுகளில் சொல் வெறும் சாரக்கட்டு. கட்டடம் எழும்பியதும் அதற்கு வேலையில்லை.

இது எனக்கு 1984-இலேயே தெரிந்திருக்க வேண்டும். முதல் சம்பளத்தைச் சேர்த்து வீட்டுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன். நானே தேர்ந்தெடுத்துப் பதிந்த கேசட்டைப் போட்டு, தறிப் பக்கம் வைத்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நெய்துகொண்டே கேட்டார். பாட்டின் நடுவில், நான் உயிராக நினைத்த அந்த வயலின்கள் வரும் இடத்தில், தலையைத் தூக்கி, "கேசட் நின்றுவிட்டதா?" என்று கேட்டார். அவருக்கு அங்கே எதுவுமே இல்லை. தறிச் சத்தம் மட்டும்தான். எனக்குக் கோபம் வந்தது. கேசட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நாற்பது வருடம் கழித்து வேனில் அதே பதிலைக் கேட்டபோதுதான், அன்று அவர் பொய் சொல்லவில்லை என்பது உறைத்தது.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். தனியார் பஸ்ஸில் நாமக்கல் போய்க் கல்லூரியில் படித்தான். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தலைக்கு மேலே வரிசையாக ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் அதிர்வு. எந்த பஸ்ஸில் பாட்டு நன்றாக இருக்கிறதோ அதற்காக ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவார்கள். 1992 ஆகஸ்டில் ரோஜா வந்தது. "அதற்கு முன்பு பஸ்ஸில் பாட்டு கேட்டது. ரஹ்மான் வந்த பிறகு பஸ்ஸே பாடியது" என்றான் தம்பி. காதலன் வந்த 1994-இல் அவன் மல்லூரில் இறங்க வேண்டிய ஒரு வேலையை விட்டுவிட்டு, பாட்டு முடியட்டும் என்று அடுத்த நிறுத்தம் வரை போனானாம். ஒலியின் சுத்தத்தையும், அடிநாதம் நெஞ்சில் வந்து முட்டுவதையும் அந்தக் காலம்தான் கொண்டுவந்தது. என் டெக்கில் அது வரவே வராது, நாடா தாங்காது. ரெக்கார்டிங் கடைகளின் முடிவும் அந்தப் பத்தாண்டுக்குள்தான் நடந்தது. கம்பெனிக் கேசட் விலை இறங்கியது, பிறகு குறுந்தகடு. 1999-இல் எங்கள் கடை மூடியது. தொண்ணூறுகளை நான் முழு மனத்தோடு கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

பதினேழாவது வளைவில் வேனை நிறுத்தி எல்லோரும் இறங்கினோம். கீழே சேலம் புகைபோல் பரந்து கிடந்தது. தம்பி மகள் அங்கே வைத்துத்தான் அதைச் சொன்னாள்.

"பெரியப்பா, தாத்தா தறி வழியாகக் கேட்டார். அப்பா பஸ் வழியாகக் கேட்டார். நீங்கள் டெக் வழியாகக் கேட்டீர்கள். மூன்று பேரும் பாட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கேட்ட இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்."

"உன் காலம் மட்டும் எப்படி?" என்றேன்.

"நானும் அப்படித்தான். என் காதுக்குள்ளேயே வைத்துக் கேட்கிறேன். எனக்குக் குரலில் இருக்கும் மூச்சு வேண்டும். அதனால்தான் எனக்குச் சந்தோஷ் நாராயணன் பிடிக்கிறது. அட்டகத்தியில் கானா பாலாவின் குரலைக் கேளுங்கள். அந்தக் குரலை உங்கள் காலத்தில் யார் மைக்குக்கு முன்னால் நிற்கவிட்டார்கள்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திரைப்பாட்டுக்குள் யாருடைய குரல் நுழைய முடிந்தது என்பதை வைத்துப் பார்த்தால், 2012-க்குப் பிறகான காலத்தின் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. அதை அவளிடம் அங்கேயே சொன்னேன்.

ஆனால் அவள் சொன்ன முதல் விஷயத்தை ஒரு வாரமாக மனத்தில் போட்டு உருட்டிப் பார்த்து, முழுவதும் ஏற்க முடியாது என்று முடிவு செய்தேன். கேட்ட கருவி நம் காதைப் பழக்குகிறது, சரி. கருவி பாட்டை ஆக்குவதில்லை. ஒரு பாட்டை அதற்குப் பழகிய இடத்திலிருந்து பெயர்த்து வேறோர் இடத்தில் நட்டுப் பார்க்கலாம். பிழைக்கிறதா? அறுபதுகளின் பாட்டை நான் கடையில் ஹெட்போனில் பதிந்திருக்கிறேன். முப்பது வயதைத் தாண்டிய ஆட்கள் கேசட்டின் ஒரு பக்கம் புதிய பாட்டும் மறுபக்கம் பழைய பாட்டும் கேட்பார்கள். பழைய பக்கம் பதியும்போது எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. அதை அப்போது நான் வெளியே சொல்லவில்லை. எண்பதுகளின் பாட்டு தறியில் பாதி செத்துவிட்டது, நானே பார்த்தேன். ஆனால் என் தம்பியின் பஸ்ஸிலும் அவன் மகளின் காதுக்குள்ளும் அது உயிரோடு இருக்கிறது. இன்றைய ஸ்பீக்கரில் அந்த பேஸ் கிடாரைக் கேட்டால், அன்று எங்கள் ஓட்டை டெக்கில் கேட்டதைவிட இன்னும் அதிகமாகவே பேசுகிறது. நாற்பது வருடம் கழித்து வளரும் பாட்டு என்றால் அது இதுதான். ஆகவே நான் என் கட்சியில்தான் இருக்கிறேன். 1976 முதல் 1986 வரை. அன்னக்கிளி முதல் மௌன ராகம் வரை. பத்தாண்டு என்பது சுழியத்தில் தொடங்கி ஒன்பதில் முடிய வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. பாட்டு காலண்டர் பார்த்து வருவதில்லை.

குகைக் கோயிலுக்குள் அப்பா நன்றாகவே போனார். அக்கா முன்னால், நான் பின்னால். இறங்கும்போது வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் பெங்களூர் திரும்பும் முன் தன் ஹெட்போனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நான் அதை அப்பா தலையில் மாட்டினேன். இதுவரை அவர் தலையில் தலைப்பாகைத் துண்டு தவிர எதுவும் ஏறியதில்லை. 1964-இல் வந்த புதிய பறவையின் 'எங்கே நிம்மதி' பாட்டைப் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். அத்தனை வயலின்கள், அத்தனை ஹம்மிங் குரல்கள், டி.எம்.எஸ். பாடாத நேரத்திலும் கொந்தளித்துக்கொண்டே இருக்கும் வாத்தியங்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி கட்டிய அந்தக் கோட்டையை அவர் அறுபது வருடமாக வாசலில் நின்றே பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மோனோ பதிவு, எல்லாம் தலைக்கு நடுவில் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், 1984-இல் பார்த்ததுபோல.

கட்டிலுக்குக் கீழே அவருடைய கால்கள் அசைந்தன. வலது, இடது, வலது, இடது. மிதி மிதிக்கும் கால்கள். தறி போய் இருபது வருடம் ஆகிறது.

பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இவ்வளவு பேர் வாசித்திருக்கிறார்களா!" என்றார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "நன்றாக இருக்கிறது. ஆனால் ஏதோ குறைகிறது" என்றார். என்ன குறைகிறது என்று கேட்டேன். யோசித்தார். தெருப்பக்கம் தலையைத் திருப்பினார். எதிர் வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இதைக் கழற்றிவிட்டுச் சும்மா செல்லிலேயே போடு. அந்த ஜன்னலைத் திறந்து வை" என்றார்.

திறந்து வைத்தேன்.